அம்மாவுக்கு மறுபடியும் பத்து வயது: பெற்றோரின் சிறுபிராயத்தை மாறுவேட விருந்தாக நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று மாலை, எல்லோரையும் ‘அந்தக் கால’ வேடத்தில் வரச் சொல்லியிருந்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிதான் இடம். வந்த ஆண்களில் பதினொருவர் பெல்பாட்டம் போட்டிருந்தார்கள். அதில் எட்டுப் பேருக்குக் கறுப்புக் கண்ணாடி, நான்கு பேருக்கு ஒட்டுக் கிருதா. அப்பா ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தார், கை குலுக்கினார், பிறகு பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். “நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களில் ஒருவரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லையே” என்றார். ஏழாம் வகுப்பு வரை இரண்டே காக்கி டவுசரில் காலம் தள்ளியவர் அவர். பெல்பாட்டத்தைச் சினிமாச் சுவரொட்டியில்தான் பார்த்திருக்கிறார்.

அம்மாவுக்கு 2024 பிப்ரவரியில் அறுபது நிறைந்தது. ஆணின் அறுபதுக்கு ஊரே கூடிக் கல்யாணம் செய்கிறோம். பெண்ணின் அறுபது எங்கள் வீட்டுப் பக்கம் சத்தமில்லாமல் கடந்துபோய்விடும். அதனால் இந்த முறை விருந்து அவருக்கு, அவருடைய ஊராகவும் அவருடைய தெருவாகவும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கெட்டுப்போன விருந்தும் தேறிய விருந்தும் கற்றுக்கொடுத்ததைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முதலில் ஓர் ஆண்டைப் பிடியுங்கள்

‘எழுபதுகள்’ என்று சொன்னால் எல்லோரும் சினிமாவுக்குப் போய்விடுவார்கள். ஒரே ஓர் ஆண்டைச் சொல்லுங்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் வயது இருந்த ஆண்டாக இருக்கட்டும். அதற்கு முன்னால் நடந்தது மற்றவர் சொல்லித் தெரிந்ததாக இருக்கும். அதற்குப் பின்னால் வெட்கம் வந்து பாதியை மறைத்துவிடுவார்கள். அம்மாவுக்கு 1974 என்று வைத்தேன். ஐந்தாம் வகுப்பு, கடலூர் முதுநகர், ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு ஓட்டு வீடு.

ஆண்டு முடிவானதும், அந்த ஆண்டில் எது கிடையாது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். உண்டு என்ற பட்டியலைவிட இது அதிகம் உதவும். 1974இல் தமிழ்நாட்டில் தொலைக்காட்சி இல்லை. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் ஒளிபரப்பைத் தொடங்கியது. இளையராஜாவும் இல்லை; அவர் இசையமைத்த முதல் படம் 1976இல் வந்தது. இந்த ஒரு விதியை வைத்தே என் தம்பி தயாரித்து வந்த பாட்டுப் பட்டியலில் முக்கால்வாசியை அடித்துவிட்டேன். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. கடலூர் மாவட்டமும் அப்போது கிடையாது. 1993இல் பிரியும்வரை இது தென்னார்க்காடு மாவட்டம்.

கேள்வி கேட்பதற்கு மூன்று உட்காரல்

“உன் சின்ன வயது எப்படி இருந்தது அம்மா?” என்று கேட்டால், “என்ன பெரிதாக, கஷ்டம்தான்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். பொருளையும் இடத்தையும் கேளுங்கள். “பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எங்கே மாட்டுவாய்?” என்று கேட்டேன். “பையா? மஞ்சப்பை. கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கும். அந்த ஆணியில்தான் தாத்தாவின் சட்டையும் தொங்கும். என் சிலேட்டில் அவர் சட்டை எண்ணெய் நாற்றம் அடிக்கும்” என்றார். தாத்தா ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளி. அந்த ஓர் ஆணியிலிருந்து ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது. கை ஏதாவது வேலையில் இருக்கும்போது கேட்பது நல்லது. நாங்கள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம்.

புகைப்படங்களைத் தேடும்போது ஓர் ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த ‘தானே’ புயலில் இந்தப் பக்கம் எத்தனையோ வீட்டு ஆல்பங்கள் நனைந்து ஒட்டிப்போயின. எங்களுக்கு மிஞ்சியது மூன்று படம். ஆகவே பெரியம்மா வீடு, மாமா வீடு, தூரத்துச் சொந்தம் என்று எல்லா டிரங்குப் பெட்டியையும் திறக்கச் சொல்லுங்கள். ஒட்டிப்போன படங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். இருக்கிறபடியே செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த உட்காரல்களில் இன்னொரு வேலையும் இருக்கிறது. எது வேண்டாம் என்பதைக் கண்டுபிடிப்பது. சாப்பாட்டுப் பட்டியலில் நான் முதலில் எழுதியது கேழ்வரகுக் கூழும் கருவாடும். இப்போது நட்சத்திர ஓட்டலில்கூட மண்சட்டியில் ஊற்றித் தருகிறார்கள் அல்லவா? அம்மா பட்டியலை வாங்கிப் பார்த்தார். மொச்சைத் தோலை முறத்தின் ஒரு பக்கம் ஒதுக்கினார். “கூழ் வேண்டாம்” என்றார். ஏன் என்று கேட்டேன். 1974 மே 8 முதல் 27 வரை நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம். தாத்தாவும் வேலைக்குப் போகவில்லை. சம்பளம் வராது, வேலை நிலைக்குமா என்றும் தெரியாது. வீட்டில் மூன்று வேளையும் கூழ். “அது பசிக்குக் குடித்தது. அதற்கு மாங்காய்க் கீற்று வைத்துப் பரிமாறினால் எனக்குத் தொண்டையில் இறங்காது” என்றார். அந்த வரியை அடித்தேன். நமக்கு அழகாகத் தெரியும் பழமை அவர்களுக்கு வேறு மாதிரி நினைவில் இருக்கலாம். அதனால் முழு விருந்தையும் ரகசியமாக வைத்து, கடைசி நிமிடத்தில் திகைக்கவைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பாதி தெரிந்திருக்கட்டும், யார் யார் என்ன வேடத்தில் வருகிறார்கள் என்பது மட்டும் தெரியாமல் இருந்தால் போதும்.

நாளும் இடமும்

நம் கடற்கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மொட்டை மாடியை நம்பக் கூடாது. மே மாதம் வியர்வையில் சாந்துப் பொட்டு மூக்குவரை இறங்கிவிடும். தை, மாசிதான் சரியான காலம். மாசி மகத்தன்று மட்டும் வைக்காதீர்கள். தீர்த்தவாரிக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும், சாலையில் நகர முடியாது. புதுச்சேரியில் வைத்திக்குப்பம் பக்கமும் அதே கதைதான். நாங்கள் பிறந்தநாளை ஒரு வாரம் முன்னுக்கு இழுத்தோம். திறந்த வெளியில் ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் கூடாது என்பது சட்டம். அந்தக் காலத்தில் அந்நேரம் எல்லோரும் தூங்கியே போயிருப்பார்கள். ஆகவே மாலை 4 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடியுங்கள்.

முப்பது பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் வேடம் போட்டவர்களைவிட வேடிக்கை பார்ப்பவர்கள் அதிகமாகிவிடுவார்கள்.

அழைப்பை அஞ்சலட்டையில் அனுப்புங்கள்

அஞ்சலட்டை இன்னும் 50 காசுதான். நாற்பது அட்டைக்கு 20 ரூபாய். மைப்பேனாவால் எழுதினேன், முதல் பத்து அட்டை கையெழுத்துப் பழகுவதற்கே போயிற்று. உள்ளே முகவரியை ‘கடலூர் முதுநகர், தென்னார்க்காடு மாவட்டம்’ என்று எழுதினேன். ஆனால் அட்டை போய்ச் சேர வேண்டிய முகவரியை இன்றைய பின்கோடோடு ஒழுங்காக எழுதுங்கள். அஞ்சல்காரரிடம் விளையாட்டு வேண்டாம். நீங்கள் பிடித்திருக்கும் ஆண்டு 1972 ஆகஸ்ட் 15க்கு முந்தையதாக இருந்தால், உள்ளே எழுதும் பழைய முகவரியில் பின்கோடு வரவே கூடாது. அந்த நாளில்தான் அது அறிமுகமானது. மூன்று வாரம் முன்பே அனுப்புங்கள். சில அட்டைகள் வராமல் போகும், அதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு கைவசம் இருக்கட்டும்.

வேடம்: ஆளைக் கொடுங்கள், காலத்தைக் கொடுக்காதீர்கள்

முதல் விருந்தில் நான் செய்த பெரிய பிழை இதுதான். ‘பழைய கால உடையில் வாருங்கள்’ என்று எழுதினால் எல்லோரும் கதாநாயகனாகத்தான் வருவார்கள். இரண்டாம் முறை ஒவ்வோர் அட்டையிலும் ஓர் ஆளை எழுதினேன், எல்லாம் அம்மா சொன்ன தெருவிலிருந்து எடுத்தது. ‘நீங்கள் சவ்வு மிட்டாய்க்காரர். கம்பு நுனியில் கைதட்டும் பொம்மை அவசியம்.’ ‘நீங்கள் கணக்கு வாத்தியார். வேட்டி, முழுக்கைச் சட்டை, கறுப்புக் குடை. குடையை மடித்தே வைத்திருப்பார்.’ ‘நீங்கள் அம்மை குத்த வருபவர். உங்களைக் கண்டால் குழந்தைகள் ஓட வேண்டும்.’ தந்தி கொண்டுவரும் சேவகர், குச்சி ஐஸ் வண்டிக்காரர், ரேஷன் கடையில் எடை போடுபவர், கறுப்புக் கோட்டு டிக்கெட் பரிசோதகர், டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் கிழிப்பவர் என்று முப்பது பேரும் தேறிவிட்டார்கள்.

புதுச்சேரிச் சொந்தங்கள் இருந்தால் அவர்களுக்குத் தனிச் சரக்கு உண்டு. முத்தியால்பேட்டைச் சித்தப்பா ரோடியர் மில் தொழிலாளியாக வந்தார். தூக்குச் சட்டியும் தோளில் துண்டும்தான் வேடம். அவர் மகன் சிவப்புக் கெப்பித் தொப்பி வைத்த காவலர். 1954இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆட்சி கைமாறிய பிறகும் அந்தத் தொப்பி மட்டும் போகவில்லை. தொப்பியை அட்டையில் செய்து சிவப்புத் துணி ஒட்டினான். உண்மையான காவலர் சீருடையோடு தெருவில் இறங்கி நடப்பது வம்பு. தொப்பி மட்டும் போதும், அதையும் வீட்டுக்குள் வந்த பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

ஓர் எச்சரிக்கை. ஒரு அக்கா மீன் கூடை சுமக்கும் பாட்டியாக, முகத்தில் கரி பூசி, கரகரத்த குரலில் பேசிக் காட்டப்போவதாகச் சொன்னார். விருந்துக்கு வருபவர்களில் ஒருவருடைய பாட்டி அப்படிக் கூடை சுமந்துதான் பேத்தியைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாதியையும் நிறத்தையும் வறுமையையும் சிரிப்புக்கு எடுக்கும் வேடம் எதுவும் வேண்டாம். வேடத்துக்குரிய ஆளே எதிரில் வந்து நின்றாலும் நம்மால் அதே வேடத்தில் நிற்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

துணிக்கு வருவோம். புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் பழைய சட்டை, பித்தளைச் சாமான், செல்லாக் காசு வரை கிடைக்கும். காலையிலேயே போய்விடுங்கள். புதிதாக எடுப்பதென்றால் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் சீட்டித் துணி கேளுங்கள். சின்னப் பூப்போட்டது பாவாடைக்கு, ஒற்றை நிறம் பஃப் கை வைத்த சட்டைக்கு. தாவணிக்கு இரண்டரை மீட்டர். தையற்காரரிடம் படத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதாது. எங்கள் பாவாடைகள் பக்கவாட்டு ஜிப்போடு வந்தன. நாடா வைத்துத் திருப்பித் தைக்க இன்னும் நான்கு நாள் ஆயிற்று. நாடாவா கொக்கியா, கை நீளம் எவ்வளவு, கீழே மடிப்பு எத்தனை என்று தாளில் எழுதிக் கொடுங்கள். வளரும் பிள்ளை என்று பாவாடையின் கீழே இரண்டு மடிப்பு வைத்துத் தைத்து, ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவார்கள். அந்த மடிப்பு இல்லாத பாவாடை 1974ஆம் வருடத்துப் பாவாடை அல்ல.

பீரோவில் பெரியம்மாவின் நைலக்ஸ் புடவை கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் அது நெருப்பைக் கண்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் புடவை கட்டியவரைச் சமையலறைப் பக்கம் விடாதீர்கள்.

உடையைவிடத் தலைமுடிதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். ஷாம்பூ போட்ட முடி பறந்துகொண்டிருந்தால் என்ன உடுத்தினாலும் பயனில்லை. எண்ணெய் தடவிப் படிய வாரி, நடு வகிடு எடுங்கள். இரட்டைச் சடைக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு மீட்டர் ரிப்பன் வேண்டும். சடையின் பாதியில் ரிப்பனை நடுவாக மடித்து இரண்டு கால்களோடு சேர்த்துப் பின்னிக்கொண்டே போக வேண்டும். நுனி வந்ததும் சடையை மேலே மடித்து, காதுக்குப் பின்னால் கொண்டுபோய், இரண்டு சுற்றுச் சுற்றிப் பூப்போல முடிச்சுப் போட வேண்டும். சித்திக்கு இதை நான் காணொளி பார்த்துக் கட்டிவிட்டேன். அம்மா வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்தார், பல்லில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் இறுக்கிக் கட்டினார். ஐம்பத்தைந்து வயதுச் சித்தி “வலிக்கிறது அக்கா” என்று கத்தினார். “ஆடாமல் இரு, மணி அடித்துவிடப் போகிறது” என்றார் அம்மா. விருந்து தொடங்கியது அங்கேதான் என்பேன்.

ஸ்டிக்கர் பொட்டு வேண்டாம், குச்சியால் வைக்கும் சாந்து போதும். ரப்பர் வளையல், கனகாம்பரம், ரப்பர் செருப்பு. ஆண்களுக்குச் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம், சட்டைப் பையில் மை கசிந்த கறை. கறையை நீலச் சொட்டால் வைத்துவிடலாம்.

வீட்டைத் திருப்பிவைத்தல்

இதில் அதிகம் செலவு செய்யாதீர்கள். சேர்ப்பதைவிட எடுப்பதுதான் வேலை. தண்ணீர்ப் புட்டி, பிளாஸ்டிக் குடம், நாள்காட்டி, ரிமோட் எல்லாவற்றையும் ஓர் அறையில் போட்டுப் பூட்டுங்கள். ஜமுக்காளம் விரியுங்கள். முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி போட்டு, மேலே வெள்ளை வேட்டி போர்த்திவிடுங்கள். வரலாற்றைவிட முட்டி முக்கியம். வண்ணக் காகிதத்தைக் கத்தரித்து, மைதாப் பசையால் சணலில் ஒட்டிய தோரணம் போதும். அரிக்கேன் விளக்குக்குள் மண்ணெண்ணெய் வேண்டாம், மஞ்சள் எல்இடி வையுங்கள்.

வானொலி

கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காலத்து மாலை என்றால் இலங்கை வானொலி. கடல் தாண்டி அவ்வளவு தெளிவாக வந்து விழும். பழைய வால்வு வானொலிப் பெட்டி கிடைத்தால் மின்சாரத்தில் சொருகிப் பார்க்க ஆசை வரும். மெக்கானிக்கிடம் காட்டாமல் சொருகாதீர்கள், உள்ளே உலர்ந்துபோன பாகங்கள் புகையும். அதற்குள் ஒரு சிறிய புளூடூத் ஸ்பீக்கரை வைத்துவிட்டால் போதும். வால்வு சூடாகும்வரை சத்தம் வராது. ஆகவே குமிழைத் திருகியதும் பாட்டைப் போட்டுவிடாமல், அரை நிமிடம் மௌனம், கொஞ்சம் கரகரப்பு, பிறகு மெல்ல மெல்லச் சத்தத்தை ஏற்றுங்கள். வயதானவர்களின் முகம் மாறுவதை அந்த அரை நிமிடத்தில் பார்க்கலாம்.

நல்ல குரல் உள்ள ஒருவரை அறிவிப்பாளராக அடுத்த அறையில் உட்கார வைத்து, விருந்தினர் பெயர்களையும் ஊர்களையும் நேயர் விருப்பம்போல வரிசையாகப் படிக்கச் சொல்லுங்கள். பாட்டுப் பட்டியல் அம்மாவுடையது. நீங்கள் தலையிடாதீர்கள்.

தீனிக் கடையும் செல்லாக் காசும்

வாசலில் வைத்தே ஒவ்வொருவருக்கும் அரை ரூபாய் கொடுத்துவிடுங்கள், அட்டையில் வெட்டிய காசாக. மூன்று காசு அறுகோணம், ஐந்து காசு முனை மழுங்கிய சதுரம், பத்து காசு பூ வடிவம், இருபது காசு மஞ்சள் வட்டத்தில் தாமரை. பேரப்பிள்ளைகள் முதலில் கேட்பது “ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம்?” என்பதுதான். 25 காசும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது. பலர் வீட்டு உண்டியலில் உண்மையான காசே கிடக்கும், கொண்டுவரச் சொல்லுங்கள்.

கடையில் தேன் மிட்டாய், கமர்கட், இலந்தை வடை, கடலை உருண்டை, கொடுக்காப்புளி, கீறி மிளகாய்ப்பொடி தடவிய மாங்காய். நெல்லிக்குப்பத்துப் பாரி மிட்டாய் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனிப் பெருமை. சித்திரை, வைகாசியில் நடத்துகிறவர்கள் பண்ருட்டிப் பலாச்சுளையையும், உப்புத் தொட்ட முந்திரிப் பழத்தையும் விட்டுவிடாதீர்கள். விலையை அம்மா சொல்லச் சொல்ல கரும்பலகையில் எழுதினோம். பெரியம்மா வந்து இரண்டு விலை தவறு என்று சண்டை பிடித்தார். இந்தச் சண்டைக்கு நேரம் ஒதுக்குங்கள்.

இரவுச் சாப்பாடு மந்தாரை இலையில். இட்லி போடுங்கள், தைரியமாக. அம்மா வீட்டில் அது தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் மட்டும் அவித்தது. அதனால் அதுதான் உண்மையான விருந்து. கூடவே சங்கரா மீன் குழம்பு, வடை, பாயசம்.

மாலை நேரம் ஓடும் விதம்

நான்கு மணிக்குப் பள்ளி மணி. கணக்கு வாத்தியார் வருகை எடுக்கட்டும், பட்டப்பெயரோடு. ஐந்து மணிவரை விளையாட்டு: மண்ணைக் குவித்துக் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம், நொண்டி, ஐந்தாங்கல், பல்லாங்குழி. பம்பரத்துக்குத் தனியாக இடம் விடுங்கள். நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மாமா விட்ட முதல் பம்பரம் கண்ணாடிக் கதவில்தான் விழுந்தது. பிறகு கடை திறப்பு, வானொலி, சாப்பாடு. இதற்கு மேல் நிகழ்ச்சி நிரல் எழுதாதீர்கள். பெரியவர்கள் கூடி உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் ஒலிவாங்கியோடு நடுவில் போய் நிற்பவரைப் பிடித்து வெளியே அனுப்புங்கள்.

புகைப்படத்துக்கு ஒரு கட்டுப்பாடு. அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவில் ‘120’ எனப்படும் ஃபிலிம் சுருள் ஒன்றுக்கு 12 சதுரப் படம். அதேபோல மொத்த விருந்துக்கும் பன்னிரண்டே படம், ஒரே ஆள் எடுப்பார், மற்றவர்களின் செல்பேசிகள் பூட்டிய அறைக்குப் போய்விடும் என்று அறிவித்தேன். முணுமுணுப்பு இருந்தது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் எல்லோரும் தலை வாரி, மூச்சைப் பிடித்து, சிரிக்காமல் நின்றார்கள். பழைய படங்களில் நிற்கிற அதே நிற்பு. பின்னால் பேனர் ஓவியரிடம் சொல்லி வரைந்து வாங்கிய திரை: ஒரு தோட்டம், ஒரு மாடிப்படி, தூரத்தில் ஏன் என்றே தெரியாமல் ஒரு மலை.

முடிந்த பிறகு

படங்களைக் கறுப்பு வெள்ளையில் காகிதத்தில் அச்சிட்டு, பின்பக்கம் யார் என்ன வேடம் என்று பென்சிலில் எழுதி, அஞ்சலிலேயே அனுப்புங்கள். பழைய புடவைகளைத் துவைக்கும் இயந்திரத்தில் போடாமல், அலசி நிழலில் உலர்த்தி, முன்பு மடித்த கோட்டிலேயே மடிக்காமல் மாற்றி மடித்துத் திருப்பிக் கொடுங்கள். மடித்த இடத்தில்தான் பழைய சரிகை ஒடியும்.

கடன் வாங்கிய சாமான்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும். நாங்கள் சேர்த்துவிட்டோம். பெரியம்மாவின் வானொலிப் பெட்டி மட்டும் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். அம்மா இரண்டு முறையும் பேச்சை மாற்றிவிட்டார்.